அப்பாவுக்கு இறக்காத முடி

பழனி அடிவாரம்
12.5.2024

குகனுக்கு,

அன்புள்ள என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். கை போகவில்லை. இப்படியே இருக்கட்டும்.

நீ கேட்டபடி செய்து கொடுத்துவிட்டேன். உன் ஆபீஸ் ஷர்மிளா மேடம் நேற்றுக் காலை குடும்பத்தோடு நம் முடிக்காணிக்கை மண்டபத்துக்கு வந்தார்கள். கொடைக்கானலில் சீசனுக்குத் தங்கிவிட்டு அப்படியே மலையிறங்கி வந்திருக்கிறார்கள். வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்து அவர்கள் பிள்ளை துவண்டு போயிருந்தான். முதல் மொட்டை. அம்மா மடியில் உட்கார வைத்து, தண்ணீர்ச் சொம்பை அவன் கையிலேயே கொடுத்து, "நீயே ஊத்திக்கிடுடா சாமி" என்றேன். அழுகை நின்றுவிட்டது. ஒரு கீறல் இல்லாமல் எடுத்து, சந்தனம் பூசி அனுப்பினேன்.

மூன்று வருடமாக நீயும் நானும் பேசுவதில்லை. அப்படி இருந்தும் என் வீட்டுக்காரர் போனுக்குக் கூப்பிட்டு, "அக்கா, அவங்க எனக்கு ரொம்ப முக்கியமானவங்க. நல்லா எடுத்து விடு. ஆனா நீ என் அக்கான்னு மட்டும் சொல்லிக்கிடாத" என்றாய். நானும் சரி என்றேன். ஏன் சரி என்றேன் என்று எனக்கே இன்னும் விளங்கவில்லை.

அந்தம்மா நல்ல மாதிரிதான். "பொம்பளைங்க இந்த வேலை செய்றத இப்பத்தான் பாக்கறேன். ரொம்ப சந்தோஷமா இருக்கு" என்றார்கள். பிள்ளையை என் மடியில் உட்கார வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். "நீங்களும் இறக்கிக்கிறீங்களாம்மா?" என்று கேட்டேன். "பூமுடி போதும்மா. ஆபீஸ் போகணுமே" என்று சிரித்தார்கள். ஒரு கொத்து மட்டும் நறுக்கினேன். ஆபீஸ் என்றால் அவ்வளவு பெரிய அம்மாவுக்கும் பயம்தான் போல.

அதுவரைக்கும் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிள்ளையின் காதோரம் கத்தியை வைத்திருந்தபோது கேட்டார்கள். "எங்க ஆபீஸ்ல உங்க ஊர்ப் பையன் ஒருத்தர் இருக்கார், குகன்னு பேரு. அவரோட அப்பா இந்தக் கோயில்ல குருக்களா இருந்தவர். உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே?"

கத்தியை எடுத்துத் துடைத்தேன். "தெரியாதுங்கம்மா" என்றேன்.

நம் அப்பா இராமலிங்கம் ஆயுசு முழுக்க உட்கார்ந்து முடி எடுத்த பலகையில் உட்கார்ந்துகொண்டு, அவரைத் தெரியாது என்று சொன்னேன். எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும். அவரைக் குருக்களாக்கியது யார்? போனில் சொல்லாதே. உன் நம்பரை நான் நிறுத்தி வைத்தது வைத்ததுதான். உன் குரலைக் கேட்டால் எனக்கு இளகிவிடும். எழுது.

சண்முகசுந்தரி


சென்னை
20.5.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் ஆபீஸ் முகவரிக்கு வந்தது. உன் கையெழுத்தைப் பார்த்ததும் மேசையில் கவிழ்த்து வைத்தேன். மதியம் வரைக்கும் பிரிக்கவில்லை.

அப்பாவைக் குருக்கள் என்று நான் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இன்டர்வியூவில் ஷர்மிளா மேடம், "நிறைய பேர் கோர்ட்டுக்குத்தான் போகணும்பாங்க, உங்களுக்கு ஏன் கம்பெனிச் சட்டம்?" என்று கேட்டார். நான் முடி மூட்டையைச் சொன்னேன். சின்ன வயதில் மண்டபத்து மூலையில் குவிந்து கிடக்கும் மூட்டைகளைக் காட்டி, "இம்புட்டு முடியும் எங்கப்பா போகுது?" என்று நான் கேட்க, "கப்பல்ல போகுதாம்லடா" என்று அப்பா சொன்னது உனக்கும் நினைவிருக்கும். அதற்கு மேல் அவருக்குத் தெரியாது. சட்டக் கல்லூரி விடுமுறையில் நம்மூர் வக்கீல் ஒருவரிடம் டைப் அடிக்கப் போனேன் அல்லவா, அங்கே ஒருநாள் முடி ஏற்றுமதி செய்யும் கம்பெனியின் ஒப்பந்தம் வந்தது. மூட்டை கடலில் நனைந்தால் யார் பொறுப்பு, எடை குறைந்தால் யார் பொறுப்பு, வாங்கியவன் திருப்பி அனுப்பினால் எந்த ஊர்க் கோர்ட்டில் வழக்கு. டைப் அடிப்பதை விட்டுவிட்டு அதையே படித்துக்கொண்டிருந்தேன். அப்பா கையிலிருந்து விழுந்ததற்கு இத்தனை பேர் உட்கார்ந்து இத்தனை பக்கம் எழுதியிருக்கிறார்களே என்று இருந்தது. இந்த மாதிரி எழுதுகிற இடத்துக்குப் போக வேண்டும் என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

ஊர்க் கதையாகத்தான் இதைச் சொன்னேன். மேடம் நாற்காலியில் முன்னால் சாய்ந்து கேட்டார். கடைசியில், "உங்க அப்பா?" என்றார். "கோயில் பக்கம் இருந்தார் மேடம்" என்றேன். "ஓ, குருக்களா?" என்றார். அதற்குள் பக்கத்தில் இருந்தவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். நான் திருத்தவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

இங்கே எப்படி வந்து சேர்ந்தேன் என்று உனக்குத் தெரியாது அக்கா. என்னோடு சேர்ந்தவர்களில் ஒருத்திக்கு மாமா நீதிபதி. இன்னொருவனுக்கு வீடு முழுக்க ஆடிட்டர்கள். சென்னையில் மாணவர்களுக்கு ஒரு வாதப் போட்டி நடந்தபோது மதுரையிலிருந்து இரவல் கோட்டோடு வந்து நின்றேன். அதைப் பார்த்த ஒருவர் தயவில்தான் இந்த ஆபீஸில் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. நகல் எடுத்தேன், பக்க எண் போட்டேன், எந்த ஒப்பந்தம் மேசைக்கு வந்தாலும் படித்தேன். மற்றவர்கள் சாப்பாட்டு வேளையில் பேசும் இங்கிலீஷை இரவில் அறையில் தனியாகப் பேசிப் பார்த்தேன்.

உண்மையைச் சொன்னால் வேலையை விட்டு அனுப்பிவிடுவார்களா என்று கேட்பாய். மாட்டார்கள். நல்லவர்கள். கேட்டதும் முகம் கனிந்துவிடும். அதற்கப்புறம் நான் எழுதும் ஒவ்வொரு வரியையும், இவனால் இதுவும் முடிகிறதே என்று பார்ப்பார்கள். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியாது. எங்கள் ஆபீஸில் டைவர்சிட்டி என்று ஒரு குழுவே இருக்கிறது. எல்லா விதமான மனிதர்களும் வேலையில் இருக்க வேண்டும் என்பதற்காக. ஷர்மிளா மேடம்தான் அதற்குத் தலைவர். பெண்களுக்கு நிறையச் செய்திருக்கிறார். அந்தக் கணக்கில் என்னைச் சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை. அது எனக்கு நிம்மதியாகத்தான் இருக்கிறது.

மச்சானைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி,
குகன்


பழனி
2.6.2024

குகனுக்கு,

வாயைத் திறக்காமல் இருந்தால் அது பொய்யில்லையாம். நல்லா படிச்சிருக்கலே.

எதைத் தாங்க முடியாது என்று எழுதியிருந்தாய். எனக்கு எதைத் தாங்க முடியவில்லை என்று நான் எழுதுகிறேன். அப்பா கருமாதி அன்று சண்முக நதிக் கரையில் சித்தப்பா கத்தியைத் தீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நீ சட்டையைக்கூடக் கழற்றவில்லை. "மீசைய வேணா எடுங்க சித்தப்பா. தலை வேணாம். திங்கக்கெழம இன்டர்வியூ இருக்கு" என்றாய். சித்தப்பா கத்தியை மடக்கினார். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் முடி எடுக்கிற வீட்டு ஆட்கள். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

அப்பன் செத்து வந்து உட்கார்ந்த எத்தனை மகன்களிடம், "அப்பன நெனச்சுக்கிட்டுக் குனிங்கய்யா" என்று சொல்லி முடி எடுத்துவிட்ட மனுஷன் அவர். அவருக்குக் குனிய ஒரு தலை இல்லை. நான் குனிகிறேன் என்று சொன்னேன். பொம்பளைக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். உன் நம்பரை நான் ஏன் நிறுத்தினேன் என்று இப்போது தெரிகிறதா?

அது போகட்டும். டைவர்சிட்டி என்று எழுதியிருந்தாயே, அதில் எனக்கும் கொஞ்சம் தெரியும். அப்பா போன பிறகு நான் பலகையில் உட்கார்ந்தபோது, "பொம்பள கத்தி புடிச்சா வெளங்குமா" என்று சித்தப்பாவே எழுந்து போனார். கொஞ்ச நாளில் பொம்பளைகள் எல்லாம் என் பக்கம் வரிசை கட்டினார்கள். அவர்கள் குனிந்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. முடி இறக்கி, தலையில் தண்ணீர் ஊற்றி, நனைந்த சேலையோடு அத்தனை ஆம்பளைகள் கண் முன்னால் நடந்து போய்த்தான் அவர்கள் துணி மாற்ற வேண்டியிருந்தது. அந்த வாரமே தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு தட்டி கட்டச் சொன்னேன். கட்டிவிட்டார்கள். யாரும் மறுக்கவில்லை. அதுவரைக்கும் யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். அப்பா நல்ல மனுஷன். அவருக்கும் தோன்றவில்லை. அதற்கு ஒரு பொம்பளை அங்கே உட்கார வேண்டியிருந்தது.

நீ அங்கே உட்கார்ந்து மூன்று வருடமாகிறது. உன்னால் அங்கே ஒரு தட்டி கட்ட முடிந்ததா?

இப்போது நான் கேட்பதைச் செய். போன மாதம் பெரும்பாறையிலிருந்து ஒரு அம்மாவும் மகளும் முடி இறக்க வந்தார்கள். அம்மா எஸ்டேட்டில் காப்பிப் பழமும் மிளகும் பறிக்கிறவள். அவளைப் பெற்றவர்கள் சிலோனிலிருந்து வந்து இறங்கியவர்கள். மகள் பெயர் கண்மணி. மதுரையில் சட்டம் படித்து முடிக்கப் போகிறாள். முடி இறக்கும்போதே பேச்சு கொடுத்தாள். என் தம்பியும் வக்கீல், கம்பெனி வேலை என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவள் தலை சட்டென்று நிமிர்ந்தது. கத்தி பட்டிருக்கும். "அக்கா, எனக்கும் அந்த வேலதான் வேணும். அங்க எப்பிடிப் போறதுன்னு சொல்லத்தான் ஆளில்ல. ஒருத்தர் வழி சொன்னா எனக்கு ஏலும்" என்றாள்.

உனக்கும் வழி சொல்ல யாரும் இருக்கவில்லை. அதனால் கேட்கிறேன். அவள் உன்னிடம் வருவாள். நீ யார் வீட்டுப் பிள்ளை என்று அவளுக்குத் தெரியும். அவள் சொல்ல மாட்டாள், பயப்படாதே.

சண்முகசுந்தரி


சென்னை
7.7.2024

அன்புள்ள அக்காவுக்கு,

கண்மணி வந்தாள். எங்கே விண்ணப்பிக்க வேண்டும், எதைப் படிக்க வேண்டும், ரெஸ்யூமேயில் எதை முதலில் போட வேண்டும் என்று எல்லாம் சொன்னேன். ஒரு தடவை சொன்னால் போதும், பிடித்துக்கொள்கிறாள். போன வாரம் இன்டர்வியூ. ஷர்மிளா மேடம், மூத்த பார்ட்னர் ஒருவர், மூன்றாவதாக நான்.

ஒரு கம்பெனி மலையில் காப்பித் தோட்டம் ஒன்றை வாங்கப் போகிறது, வாங்குவதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கேள்வி கொடுத்தார்கள். பட்டா, வில்லங்கம், வரி, லைசென்ஸ் என்று மற்றவர்கள் சொன்னதை அவளும் சொன்னாள். சொல்லிவிட்டு, "தொழிலாளிங்க லயத்துல குடியிருக்கிறவங்க என்ன ஆவாங்க சார்? அவங்க வீட்டுக்குத் தண்ணி தோட்டத்து ஊத்துலேர்ந்துதான் வரும். ஒப்பந்தத்துல அது இருக்கா?" என்றாள். மூத்தவர், "அது சோஷியல் ஒர்க்மா" என்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. "இல்ல சார், அதுல பிரச்சன வந்தா வாங்கினவங்களால ஒரு நாளும் தோட்டத்த ஓட்ட ஏலாது" என்றாள்.

அவள் வெளியே போனதும் மூத்தவர், "விஷயம் இருக்கு. ஆனா கிளையண்ட் முன்னாடி எப்படி நிறுத்தறது?" என்றார். மொட்டை அடித்த முடி அப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்தது அவளுக்கு. மேடம், "நம்ம ஆபீஸுக்குப் பொருந்தணுமே" என்று இழுத்தார். பிறகு என்னைப் பார்த்து, "குகன், நீங்க அந்தப் பக்கத்து ஆள்தானே. என்ன நினைக்கறீங்க?" என்றார்.

இன்னும் கொஞ்சம் தயாராகி அடுத்த வருடம் வரலாம் என்றேன்.

வேறு என்ன சொல்ல? அவளுக்காக அழுத்திப் பேசினால், உங்களுக்கு எப்படித் தெரியும், என்ன உறவு என்று கேள்வி வரும். இந்த வருடம் சீனியர் அசோசியேட் ஆக என் பெயர் போயிருக்கிறது. அது முடியட்டும். அதற்கப்புறம் என் வார்த்தைக்கு ஒரு மதிப்பு இருக்கும், அப்போது அவளைக் கண்டிப்பாக உள்ளே கொண்டுவருவேன். இது ஒத்திப்போட்டதுதான், மறுத்ததில்லை. அவளிடம் நீ பக்குவமாகச் சொல்.

குகன்


பழனி
15.7.2024

குகனுக்கு,

நான் சொல்ல வேண்டிய அவசியம் வரவில்லை. அவளே நேற்று பஸ் ஏறி வந்தாள். ஒரு பை ஆரஞ்சு கொண்டுவந்தாள். கிடைக்கவில்லை என்று அழவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "உங்க தம்பி ஏன்க்கா என்னைய நிமிந்தே பாக்கல?"

என்ன சொல்வேன்? அவனுக்குக் குனிய வேண்டிய இடத்தில் குனியத் தெரியாது, நிமிர வேண்டிய இடத்தில் நிமிரத் தெரியாது என்று சொல்லட்டுமா? உனக்குச் சோலி இருந்திருக்கும் என்று சொல்லி அனுப்பினேன். உனக்காக நான் சொல்கிற பொய் இதுவே கடைசி.

அன்று கூப்பிட்டதும் ஓடி வந்து உன் ஆபீஸ்காரர்களுக்கு முடி எடுத்தேனே, அது எனக்கு இப்போதுதான் எரிகிறது. இனி எழுதாதே.

சண்முகசுந்தரி


கொடைக்கானல்
2.8.2024

அக்கா,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். தபாலில் போட்டால் நேரத்துக்கு வராது என்று பழனிக்கு இறங்கும் ஜீப்காரர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

ஆபீஸ் முழுவதும் இங்கே வந்திருக்கிறோம். வருடாவருடம் எங்காவது கூட்டிப்போய் இரண்டு நாள் பேச்சும் விளையாட்டும் வைப்பார்கள். இந்த வருடம் கொடை. நேற்று மதியம் ஹோட்டல் அரங்கில் டைவர்சிட்டி பற்றிப் பேச்சு. ஷர்மிளா மேடம் மேடையேறினார். ஒரு வேலையிடத்தில் இதுவரை இல்லாத ஒருவர் வந்து உட்கார்ந்தால் என்ன மாறும் என்று நேரில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன் என்று ஆரம்பித்தார். திரையில் ஒரு படம் வந்தது.

நீ. மடியில் அந்தப் பிள்ளை. உன் கையில் கத்தி. பின்னால் தண்ணீர்த் தொட்டி, அதற்குப் பக்கத்தில் நீ கட்டச் சொன்ன தட்டி. அது என்ன தட்டி என்று மேடத்துக்குத் தெரியாது. அந்த அரங்கில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

பழனியில் தலைமுறை தலைமுறையாக ஆண்கள் செய்துவந்த வேலையில் இந்தப் பெண்மணி வந்து உட்கார்ந்திருக்கிறார், இவர் பெயர்கூட எனக்குத் தெரியாது, ஆனால் என்னால் மறக்க முடியாது என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். கண்மணியை எப்படி நிறுத்துவது என்று கேட்ட மூத்தவரும் எழுந்து நின்று தட்டினார். என் கையும் தட்டியது அக்கா. என் அக்காவுக்கு, பெயர் தெரியாத ஒருத்திக்குத் தட்டுவதுபோல நானும் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தேன்.

படம் மாறிய பிறகும் என்னால் அங்கே உட்கார முடியவில்லை. வெளியே வந்து குறிஞ்சி ஆண்டவர் கோயில் பக்கம் நடந்தேன். அங்கே நின்றால் பழனி தெரியும் என்று அப்பா சொல்வார். மஞ்சு மூடிக் கிடந்தது. ரொம்ப நேரம் நின்றேன். கொஞ்சம் விலகியபோது கீழே நம் மலை தெரிந்தது. இத்தனை கிட்டத்தில் இருந்துகொண்டு உன்னிடம் வராமல் சென்னைக்குத் திரும்பப் போகிறேன் என்று நினைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஆடி அமாவாசை. இவர்கள் எல்லாம் சனிக்கிழமையே கிளம்பிவிடுவார்கள். நான் ஞாயிறு காலை வெள்ளனே இறங்கி வருகிறேன். திங்கட்கிழமை ஆபீஸ் இருக்கிறது. ஒரு பெரிய கம்பெனி விற்பனைக்குக் கையெழுத்து, கிளையண்ட் எல்லாரும் வருகிறார்கள். இருக்கட்டும்.

நீ பேச வேண்டாம். கத்தியை மட்டும் தீட்டி வை.

குகன்


சென்னை
12.8.2024

அன்புள்ள அக்காவுக்கு,

அன்றைக்கு நீ பேசவே இல்லை. "குனி" என்று மட்டும் சொன்னாய். அப்பா சொல்வதுபோல முழுதாகச் சொல்வாய் என்று காத்திருந்தேன். நீ சொல்லாததால் நானே மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

திங்கட்கிழமை நடந்ததை எழுத வேண்டும். லிப்டில் ஏறியதிலிருந்து எல்லாரும் தலையையே பார்த்தார்கள். ஷர்மிளா மேடம், "என்ன குகன், வேண்டுதலா?" என்றார்.

"இல்ல மேடம். அப்பாவுக்கு."

"அடடா, எப்ப?"

"மூணு வருஷம் ஆச்சு. அப்பவே எடுத்திருக்கணும். அந்த வாரம்தான் இங்க எனக்கு இன்டர்வியூ."

மேடம் கையிலிருந்த காகிதங்களைக் கீழே வைத்தார். நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி வாய் அடைத்துக்கொள்ளும் என்று தெரியும். "கொடைக்கானல்ல திரையில காட்டினீங்களே மேடம், அவங்கதான் எடுத்துவிட்டாங்க. அவங்க பேரு சண்முகசுந்தரி. என் அக்கா. எங்க அப்பா குருக்கள் இல்ல. அதே மண்டபத்துல அதே பலகையில உக்காந்து முடி எடுத்தவரு" என்றேன்.

நான் பயந்திருந்த முகக் கனிவு வரவில்லை. மேடத்துக்குக் கோபம் வந்தது. "அன்னிக்கு அவங்ககிட்ட உங்களப் பத்திக் கேட்டேனே. தெரியாதுன்னாங்களே."

"நான்தான் அப்படி இருக்கச் சொன்னேன்."

"என் பிள்ளைய அவங்க மடியோட அணைச்சுப் பிடிச்சாங்க குகன். அவங்கள அப்படிச் சொல்ல வச்சுட்டீங்களே. தெரியாம நான் மேடையேறி வேற பேசிட்டு வந்திருக்கேன்" என்றார். இருந்தாலும் சொல்ல வேண்டிய இன்னொன்று இருந்தது. "கண்மணிய அடுத்த வருஷம் பாக்கலாம்னு சொன்னது பயத்துல சொன்னது மேடம். அவ தயாராத்தான் இருந்தா. எங்கள மாதிரி ஆளு இங்க இன்னொருத்தர் வந்தா நான் வெளிய தெரிஞ்சிடுவேன்னு நெனச்சேன்" என்றேன். வெளியே போங்கள் என்பதுபோலக் கையைக் காட்டினார்.

மூத்தவர் என்னைக் கையெழுத்துக் கூட்டத்துக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தலை கொஞ்சம் வளரட்டும் என்றார். பல மாதம் நான் எழுதிய ஒப்பந்தம் அது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று அவர்கள் கைகுலுக்குவதைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை சீனியர் அசோசியேட் பெயர்கள் வந்தன. என் பெயர் இல்லை. வருத்தமில்லை என்று எழுதினால் பொய்யாகும். வருத்தமாக இருக்கிறது. கண்மணி பற்றி யாரும் இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மேடம் என்னோடு பேசுவதில்லை.

காலையில் குளிக்கும்போது தலையில் தண்ணீர் நேராக விழுகிறது. ஒவ்வொரு தடவையும் அப்பா நினைவு வருகிறது.

உன் தம்பி,
குகன்


பழனி
1.9.2024

அன்புள்ள தம்பி குகனுக்கு,

உனக்கு முன்னால் எனக்குச் செய்தி வந்துவிட்டது. கண்மணி வந்திருந்தாள். உங்கள் ஆபீஸிலிருந்து மறுபடி கூப்பிட்டு, வேறு இரண்டு பேர் உட்கார்ந்து கேள்வி கேட்டார்களாம். தண்ணீர் ஊற்றைப் பற்றி மறுபடியும் சொன்னாயா என்றேன். "அதத்தான்க்கா மொதல்ல சொன்னேன்" என்றாள். ஆறு மாதம் பயிற்சி, அதற்கப்புறம் பார்க்கலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். முழுசாகத் தரவில்லை. உட்கார இடம் கொடுத்திருக்கிறார்கள். உட்கார்ந்துவிட்டால் மற்றதை அவள் பார்த்துக்கொள்வாள்.

கிளம்பும்போது, "அம்மா எஸ்டேட்ல பழம் பறிக்கிறாங்கன்னு அங்க சொல்லட்டுமாக்கா?" என்று கேட்டாள். கேட்டால் சொல், கேட்காவிட்டால் உன் இஷ்டம், ஆனால் அவர்களாக வேறொன்றை நினைத்துக்கொண்டால் விட்டுவிடாதே என்றேன். சாப்பாட்டு வேளையில் அவளோடு போய் உட்கார். மற்றவர்கள் பார்க்கட்டும்.

உன் மேடமும் கூப்பிட்டார்கள். என்னைக் கேட்காமல் படத்தைக் காட்டியது தப்பு, எடுத்துவிடட்டுமா என்றார்கள். இருக்கட்டும், ஆனால் கீழே பெயர் போடுங்கள் என்றேன். என்ன போட வேண்டும் என்று கேட்டார்கள். சண்முகசுந்தரி, இராமலிங்கத்தின் மகள், உங்கள் ஆபீஸ் குகனின் அக்கா என்று எழுதச் சொன்னேன். அந்தத் தட்டி எதற்கு என்றும் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள்.

உனக்கு வேலை உயர்வு வராமல் போனது எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. அதை மறைக்க மாட்டேன். பலகையில் உட்கார்ந்திருக்கும்போது நினைத்து நினைத்து எரிச்சல் வருகிறது.

அன்றைக்கு ஏன் பேசவில்லை என்று நினைத்திருப்பாய். பேசத்தான் வாயெடுத்தேன். முதல் தடவை கத்தியை இழுத்ததும் உன் உச்சியில் இரட்டைச் சுழி தெரிந்தது. அப்பாவுக்கும் அதே இடத்தில் அதே இரட்டைச் சுழி. கடைசியாக அவரைக் குளிப்பாட்டித் தலை துவட்டியவள் நான்தானே, எனக்குத் தெரியும். அதற்கு மேல் வாயைத் திறந்தால் கத்தி பிசகிவிடும் என்று பேசாமல் இருந்துவிட்டேன். அமாவாசைக்கு முடி எடுக்கலாமா என்று முனகிக்கொண்டிருந்த சித்தப்பா நீ போன பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பலகையைத் துடைத்துக் கொடுத்தார்.

உன் முடியைக் கையில் அள்ளி வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். அப்பா படத்துக்கு முன்னால் தனியாக எடுத்து வைக்கலாமா என்று இருந்தது. பிறகு யோசித்தேன். அவர் ஒருநாளும் ஒருத்தர் முடியையும் ஒதுக்கி வைத்ததில்லை. பணக்காரர் வீட்டு முடி, கூலிக்காரர் முடி, அழுத பிள்ளையின் முடி, எல்லாம் ஒரே மூட்டைதான் அவருக்கு. அதனால் நானும் மூட்டையில் போட்டுக் கட்டிவிட்டேன்.

உன் நம்பரைத் திறந்துவிட்டேன். கூப்பிடு.

உன் அக்கா,
சண்முகசுந்தரி